எந்தக் கழிச்சல்?

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் முதல் ஆளாக ஓடிவந்து தீனிக்கு நிற்கும் கோழி, ஒருநாள் அசையாமல் மூலையிலேயே நிற்கிறது. இறக்கை தொங்கிக் கிடக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது, எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர்போல வழிகிறது. மறுநாள் அது செத்துக் கிடக்கிறது. அதற்கும் மறுநாள் இன்னும் சில. அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரே பதில்தான்: "கழிச்சல் வந்திருக்கு." கால்நடை மருத்துவரிடம் போனால் அவர் அப்படிச் சட்டென்று சொல்லிவிடுவதில்லை. எத்தனை கோழி, என்ன வயது, தடுப்பூசி எப்போது போட்டது, சந்தையிலிருந்து புதிதாக ஏதும் வந்ததா, பக்கத்தில் காக்கை ஏதும் செத்துக் கிடந்ததா என்று கேட்டுக்கொண்டே போகிறார். செத்ததில் ஒன்றை ஐஸ் வைத்து எடுத்துவரச் சொல்கிறார். முடிவு தெரியச் சில நாள் ஆகும் என்கிறார். ஊருக்கே ஒரு பார்வையில் தெரிகிற நோயைக் கண்டுபிடிக்கப் படித்தவருக்கு ஏன் இத்தனை நாள் என்று கோழி வளர்க்கிற எவருக்கும் தோன்றத்தான் செய்யும்.

ஊரார் பொய் சொல்லவில்லை. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய், தடுப்பூசி போடாத நாட்டுக்கோழிகளைக் கூட்டத்தோடு கொண்டுபோகும் வைரஸ் நோய்களில் முதன்மையானது. ஆகவே அந்த ஊகம் பல சமயம் பலிக்கிறது. பல சமயம் பலிக்கிற ஊகம் இந்த முறையும் பலித்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இந்த அத்தியாயம் அந்த ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து போகிறது.

பச்சை எச்சம் சொல்வது என்ன

முதலில் அந்தக் கழிச்சலையே எடுத்துக்கொள்வோம். கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. நாம் சிறுநீராக வெளியேற்றுவதை அது வெள்ளைச் சுண்ணாம்புக் குழம்புபோல எச்சத்தோடு சேர்த்தே கழிக்கிறது. உடல்நலமுள்ள கோழியின் எச்சத்தில் மேலே படிந்திருக்கும் வெள்ளைத் தொப்பி அதுதான். நோயுற்ற கோழி தீனி எடுப்பதை நிறுத்துகிறது. குடலில் இரை இல்லை. ஆனால் பித்தநீர் சுரந்துகொண்டே இருக்கிறது. இரையோடு கலந்து நிறம் மாறவேண்டிய பித்தம், வெறுங்குடலில் பச்சையாகவே இறங்கி வெளியே வருகிறது. ஆக, பச்சையும் வெள்ளையுமான கழிச்சல் முதலில் அறிவிப்பது ஒன்றைத்தான்: இந்தக் கோழி சாப்பிடவில்லை. எந்த நோயால் சாப்பிடவில்லை என்பதை அந்த நிறம் சொல்லாது. ராணிக்கெட்டிலும் அந்த நிறம் வரும், பறவைக் காய்ச்சலிலும் வரும், வைரஸே இல்லாத, பாக்டீரியாவால் வரும் கோழிக் காலராவிலும் வரும்.

மற்ற அறிகுறிகளும் இப்படியே. கூனி நிற்பது, இறகைச் சிலிர்த்துக்கொள்வது, கொண்டை கருப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது எல்லாம் பல நோய்களுக்குப் பொது. கோழி இரைவிலங்கு, நோயைக் காட்டிக்கொண்டால் கூட்டத்தில் முதலில் குறிவைக்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும். அதனால் முடிந்தவரை மறைக்கிறது. மறைக்க முடியாத கட்டத்தில் அதற்குத் தெரிந்த நான்கைந்து வழிகளில் மட்டுமே காட்டுகிறது. நோய்கள் பல, அவற்றைச் சொல்லும் குரல்கள் சில. ஒரே குரலைக் கேட்டுவிட்டு ஆளைத் தீர்மானிக்க முடியாமல் போவது இதனால்தான்.

தற்காலிகமாக வைத்த பெயர்

இந்தக் குழப்பம் நம் கொல்லைக்கு மட்டும் உரியதல்ல. அந்த நோய்க்குப் பெயர் வந்த வரலாறே ஆள்மாறாட்டத்தைத் தீர்த்துவைத்த வரலாறுதான். 1920-களின் பிற்பாதியில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகிலும், இமயமலை அடிவாரக் குமாவுன் பகுதியிலுள்ள ராணிக்கெட்டிலும் கோழிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அப்போது இப்படிக் கொல்லும் நோய் என்றால் 'கோழிக் கொள்ளைநோய்' என்ற ஒன்றே நினைவுக்கு வரும். இத்தாலியில் பெரோன்சிட்டோ 1878-இல் விவரித்துவைத்திருந்த நோய் அது. இங்கிலாந்தில் டாயல் என்ற கால்நடை அறிஞர் ஓர் எளிய வழியில் இரண்டையும் பிரித்தார். ஒரு நோயிலிருந்து பிழைத்த கோழி அதே நோயை மறுபடி தாங்கும். இந்த இரண்டில் ஒன்றிலிருந்து பிழைத்த கோழிக்கு மற்றதைக் கொடுத்தால் தாங்கவில்லை. எனவே இது வேறு நோய். அறிகுறிகளை விவரிக்கும் நீண்ட பெயரைத் தவிர்க்க, தற்காலிகமாக ஊர்ப் பெயரை வைத்தார்: நியூகாசில் நோய். தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது. நம் நாட்டில் அதே நோய்க்கு ராணிக்கெட்டின் பெயர் நிலைத்தது. (கோழித் தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிலையம் நம் ராணிப்பேட்டையில் இருப்பதால் நோய்க்கும் அந்த ஊர்தான் பெயர் தந்தது என்று எண்ணுவோர் உண்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை.)

அந்தப் பழைய கொள்ளைநோயின் வைரஸ் இன்ஃபுளுவென்சா வகையைச் சேர்ந்தது என்பது 1955-இல் தெளிவானது. இன்று அதைப் பறவைக் காய்ச்சல் என்கிறோம். டாயல் பிரித்துவைத்த அதே இரண்டு நோய்கள்தாம் இன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்து ஏமாற்றுகின்றன. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது, அதற்கு முன்பு அங்கே கோழிகள் செத்ததை ராணிக்கெட் என்றே பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். போபாலிலுள்ள விலங்கு நோய் ஆய்வகம்தான் வேறு பெயரைச் சொன்னது.

நோயாளி ஒரு கோழியல்ல

இனி ஒரு கொல்லையை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதோடு போவோம். கற்பனைக் கொல்லைதான், ஆனால் அதில் நடப்பவை எல்லாம் நடக்கக்கூடியவை. ஆடி மாதக் கடைசி. மொத்தம் இருபது உருப்படி. முட்டையிடும் மூன்று பெட்டைகள் பிப்ரவரி முகாமில் கழிச்சல் தடுப்பூசி போட்டவை. மாசிக் கடைசியில் பொரிந்த ஆறு விடைகள் (இளம் பெட்டைகள்), முகாம் முடிந்த பின் பிறந்ததால் ஊசி போடாதவை. இரண்டு மாதக் குஞ்சுகள் ஒன்பது. ஒரு சேவல். எட்டு நாளுக்கு முன் வாரச்சந்தையில் வாங்கிய ஒரு பெட்டை. முதல் நாள் ஒரு விடை சோர்ந்து நிற்கிறது. இரண்டாம் நாள் அது சாகிறது. மூன்றாம் நாள் மேலும் நான்கு. ஐந்தாம் நாள் முடிவில் பதினொன்று போய்விட்டன: நான்கு விடைகள், ஆறு குஞ்சுகள், சேவல். ஒரு விடையின் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை வானத்தைப் பார்க்கிறது. ஊசி போட்ட பெட்டைகள் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் முட்டை நின்றுவிட்டது, கடைசியாக இட்டது தோல்முட்டை. சந்தைக்கோழி ஒன்றுமே நடக்காததுபோல மேய்கிறது.

ஒற்றைக் கோழியைத் தூக்கிப் பார்த்தால் கிடைக்காத செய்தி இந்தக் கணக்கில் கிடைக்கிறது. கோழி மருத்துவத்தில் நோயாளி என்பது கூட்டம். ஒவ்வொரு கோழியும் அந்த நோயாளியின் ஓர் உறுப்பு மாதிரி. எந்த வயதுக் கோழி செத்தது, எந்த வேகத்தில் செத்தது, எது தப்பியது என்ற மூன்று கேள்விகளே பல பெயர்களை விலக்கிவிடும். நஞ்சு தின்றிருந்தால் தின்ற எல்லாம் ஏறத்தாழ ஒரே நாளில் விழுந்து, பிறகு சாவு நின்றிருக்கும். இங்கே ஒன்று, நான்கு என்று பரவுகிறது. ரத்தக்கழிச்சல் பெரும்பாலும் குஞ்சுகளைத் தாக்கும், எச்சத்தில் ரத்தம் தெரியும், சேவலைக் கொல்லாது. கம்போரோ என்ற வைரஸ் நோய் மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளின் நோய். ஐந்து மாத விடையை அது கொல்வதில்லை. அம்மை என்றால் கொண்டையிலும் தாடியிலும் பொருக்கு இருக்கும்.

கழுத்து திரும்பிய விடையைப் பார்த்து 'வாத நோய்' என்று சொல்லத் தோன்றும். அப்படி ஒரு வைரஸ் நோய் உண்டு. ஹங்கேரியின் யோசெஃப் மாரெக் 1907-இல் சேவல்களில் கண்டு எழுதியதால் அவர் பெயரைத் தாங்கியது. ஆனால் மாரெக் நோயின் நடை வேறு. அது பெரும்பாலும் சில மாத வயதான கோழிகளை வாரக்கணக்கில், ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்க்கும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகக் கோழி விழுந்து கிடக்கும். அறுத்துப் பார்த்தால் தொடை நரம்பு ஒரு பக்கம் மட்டும் தடித்திருக்கும். ஐந்து நாளில் பதினொன்று என்பது மாரெக்கின் வேகமல்ல.

இப்படி விலக்கிக்கொண்டே வந்தால் மிஞ்சுவது மூன்று: ராணிக்கெட், பறவைக் காய்ச்சல், கோழிக் காலரா. இந்த இடத்தில் ஊசி போட்ட பெட்டைகள் தப்பியது பெரிய தடயம். கழிச்சல் தடுப்பூசி ராணிக்கெட்டிலிருந்துதான் காக்கும்; மற்ற இரண்டிலிருந்தும் காக்காது. அது மட்டுமல்ல, ராணிக்கெட் தடுப்பூசி சாவைத் தடுக்குமே தவிர வைரஸ் நுழைவதை முழுக்கத் தடுக்காது. அதனால் உயிர் தப்பிய பெட்டையும் தோல்முட்டை இடுவது பொருந்திவருகிறது. சந்தைக்கோழி நலமாக இருப்பதும் இப்படித்தான். முன்பே ஓரளவு எதிர்ப்பு பெற்ற கோழி தான் நோயுறாமலே வைரஸை எச்சத்திலும் மூச்சிலும் உதறிக்கொண்டிருக்கும். நோய் உடலில் புகுந்து வெளிப்படச் சராசரியாக ஐந்தாறு நாள் ஆகும் என்பதால் எட்டு நாள் கணக்கும் ஒத்துப்போகிறது.

எல்லாம் ராணிக்கெட்டையே காட்டும்போது இங்கேயே நிறுத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நிறுத்தக்கூடாது. தப்பியவை மூன்றே பெட்டைகள். மூன்று தற்செயலாகவும் தப்பும். மொட்டைமாடியில் நான்கு கோழிகளைப் பெயர் வைத்து, பிள்ளைகளைப்போல வளர்ப்பவருக்கு இந்தக் கணக்குகூட வாய்க்காது. நான்கில் இரண்டு செத்தால் அதில் எந்த ஒழுங்கும் தெரியாது. கூட்டம் சிறிதாகச் சிறிதாக ஆய்வகத்தின் தேவை கூடுகிறது. பெரிய பண்ணைக்குத்தான் சோதனை, வீட்டுக்கோழிக்கு எதற்கு என்ற பழக்கமான எண்ணம் உண்மைக்கு நேர் எதிராக இருக்கிறது.

அறுத்துப் பார்த்தால்

அடுத்த படி இறந்த கோழியைத் திறப்பது. இதை வீட்டில் செய்யவே கூடாது. பறவைக் காய்ச்சலுக்கு வாய்ப்பு இருக்கும்வரை அந்த உடல் மனிதருக்கும் ஆபத்து. 2021-இல் டெல்லியில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸால் ஒரு சிறுவன் இறந்ததை மறக்கலாகாது. உடலை இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். உறையவைத்தால் திசுக்கள் சிதைந்து நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு உதவாது. நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே அழுகல் தொடங்கிவிடும். காலையில் செத்ததை மறுநாள் கொண்டுபோனால் ஆய்வகம் அழுகலைத்தான் ஆராய முடியும். செத்ததோடு நோயுற்ற உயிருள்ள கோழி ஒன்றும் கிடைத்தால் இன்னும் நல்லது.

ராணிக்கெட்டில் மருத்துவர் தேடும் இடம் இரைப்பையின் முன்பகுதி. அரைவைப்பைக்கு முன்னால் சற்றே தடித்து, உட்சுவர் முழுக்கச் சிறு மொட்டுகளாகச் சுரப்பிகள் இருக்கும் பகுதி. அந்த மொட்டுகளின் நுனிகளில் ஊசி குத்தியதுபோல ரத்தப் புள்ளிகள் இருந்தால் ராணிக்கெட் என்று தலைமுறைகளாகச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. நல்ல தடயம்தான். ஆனால் அதே புள்ளிகள் பறவைக் காய்ச்சலிலும் வரும். மூளையையும் நுரையீரலையும் தாக்கும் ராணிக்கெட் வகைகளில் அந்தப் புள்ளிகள் வராமலும் போகும். புள்ளி இருப்பது உறுதிச் சான்றல்ல, இல்லாதது மறுப்புமல்ல.

கோழிக் காலராவை மட்டும் இந்தக் கட்டத்தில் கழித்துவிடலாம். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசிச் சாயமேற்றிப் பார்த்தால், இரண்டு முனைகளும் கருத்து நடு வெளுத்த நுண்ணுயிரிகள் ஒரு மணி நேரத்துக்குள் தெரியும். நம் கொல்லைக் கோழியின் ரத்தத்தில் அவை இல்லை. இருந்திருந்தால் அது நல்ல செய்தியாகவே இருந்திருக்கும், ஏனென்றால் அந்த ஒன்றுக்குத்தான் மருந்து கேட்கும்.

முட்டைக்குள் ஒரு சோதனைச்சாலை

வைரஸ் உயிருள்ள அணுவுக்குள்தான் பெருகும். தட்டில் ஊட்டம் ஊற்றி வளர்க்க முடியாது. 1931-இல் அமெரிக்காவில் ஆலிஸ் உட்ரஃப், எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் இருவரும் கோழியம்மை வைரஸைக் கருவுள்ள கோழிமுட்டைக்குள் செலுத்தி வளர்த்துக் காட்டினார்கள். கோழியின் நோயைக் கோழியின் முட்டையே கண்டுபிடித்துத் தரும் என்ற இந்த எண்ணம் எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. அடைகாப்பில் ஒன்பது முதல் பதினொரு நாள் ஆன முட்டை. ஓட்டில் சிறு துளை. கருவைச் சுற்றியுள்ள நீர்ப்பைக்குள் கோழியின் உறுப்புகளை அரைத்துத் தெளியவைத்த நீர் சில துளிகள். துளையை மூடி மறுபடி அடைப்பெட்டிக்குள். தினமும் விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பார்கள். உயிருள்ள கருவில் ரத்தநாளங்கள் சிவப்பு வேர்களாகப் பரவியிருக்கும், கரு அசையும். செத்தால் நாளங்கள் மங்கிவிடும். நம் மாதிரி செலுத்திய முட்டைகளில் கரு இரண்டாம் நாளே இறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறுபது மணி நேரத்துக்குள் கருவைக் கொல்லும் ராணிக்கெட் வைரஸ் கடுமையானது, தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல் எடுப்பது மென்மையானது என்பது பழைய அளவுகோல்.

முட்டைக்குள் ஏதோ பெருகியிருக்கிறது. அது எது? 1941-இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் இன்ஃபுளுவென்சா தொற்றிய முட்டைகளிலிருந்து நீரை எடுத்துக்கொண்டிருந்தபோது, அறுபட்ட நாளத்திலிருந்து கசிந்த கோழி ரத்தத்தின் சிவப்பணுக்கள் அந்த நீரில் திரண்டு ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார். வைரஸின் மேற்புறம் முழுக்கப் பற்றும் கொக்கிகள். ஒரு வைரஸ் இரண்டு சிவப்பணுக்களைப் பிடித்துக்கொள்ளும். கோடிக்கணக்கில் சேரும்போது அணுக்கள் வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. இதைச் 'சிவப்பணுத் திரட்சி' என்போம். ராணிக்கெட் வைரஸுக்கும் அதே குணம் உண்டு.

ஆய்வகத்தில் இதைச் செய்யத் தொண்ணூற்றாறு சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு போதும். குழியின் அடி கூம்பாக இருக்கும். கழுவிய கோழிச் சிவப்பணுக்களை வெறும் உப்புநீரில் விட்டால் அவை சரிந்து இறங்கி அடியில் ஒரு சிவப்புப் பொட்டாகச் சேரும். தட்டைச் சாய்த்தால் பொட்டு கண்ணீர்த்துளிபோல வழியும். வைரஸ் இருந்தால் அணுக்கள் வலையாகப் பின்னி, சரியாமல், குழி முழுக்க மெல்லிய படலமாக நிற்கும். அரைமணி நேரம் போதும், வெறுங்கண் போதும். நம் முட்டைநீரில் படலம் வருகிறது. ஆனால் இதுவும் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் படலத்தை ராணிக்கெட் வைரஸும் உண்டாக்கும், இன்ஃபுளுவென்சாவும் உண்டாக்கும். மூன்றில் ஒன்றைக் கழித்துவிட்டு, டாயல் நின்ற அதே இடத்தில் நாமும் நிற்கிறோம்.

அவர் போன வழியிலேயே நாமும் போகலாம். ராணிக்கெட்டுக்கு எதிர்ப்பொருள் உள்ள ஊநீர் ஒன்று, எச்5 இன்ஃபுளுவென்சாவுக்கு எதிர்ப்பொருள் உள்ள ஊநீர் ஒன்று. ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீரே ஊநீர். எதிர்ப்பொருள் என்பது முன்பு சந்தித்த வைரஸை அடையாளம் கண்டு அதன் கொக்கிகளை மூடிவிடும் புரதம். முட்டைநீரோடு முதலில் ஊநீரைக் கலந்து, பிறகு சிவப்பணுக்களை விடுகிறார்கள். கொக்கிகள் மூடப்பட்டிருந்தால் வைரஸால் எதையும் பிடிக்க முடியாது. அணுக்கள் பழையபடி பொட்டாக இறங்கிவிடும். எந்த ஊநீர் படலத்தைத் தடுக்கிறதோ அதுவே வைரஸின் பெயர். நம் தட்டில் எச்5 ஊநீர் விட்ட குழிகளில் படலம் அப்படியே இருக்கிறது. ராணிக்கெட் ஊநீர் விட்ட குழிகளில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள்.

சில மணி நேரத்தில் முடிவு தரும் பிசிஆர் வந்த பிறகு இந்த முட்டை வேலை எதற்கு என்று கேட்பது நியாயம். தொண்டையிலிருந்தும் எச்சத்துவாரத்திலிருந்தும் எடுத்த பஞ்சுக்குச்சியில் வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று பிசிஆர் விரைவாகச் சொல்லும். பறவைக் காய்ச்சல் சந்தேகத்தில் முதலில் செய்ய வேண்டியதும் அதுவே. ஆனால் பிசிஆர், நாம் பெயர் சொல்லிக் கேட்டதை மட்டுமே தேடும். ராணிக்கெட் இருக்கிறதா என்று கேட்டால் ராணிக்கெட்டுக்கு மட்டும் பதில். நாம் எதிர்பார்க்காத ஒன்று அங்கே இருந்தால் வாய் திறக்காது. செத்த வைரஸின் துணுக்குக்கும் உயிருள்ள வைரஸுக்கும் வேறுபாடு சொல்லாது. முட்டை, தனக்குள் வளரக்கூடியது எதுவானாலும் வளர்த்துக் காட்டும். விரைவுக்கு ஒன்று, உறுதிக்கு மற்றொன்று.

காக்கும் வைரஸும் கொல்லும் வைரஸும்

வைரஸின் பெயர் ராணிக்கெட் என்று தெரிந்துவிட்டது. இப்போதுதான் கடினமான கேள்வி வருகிறது. கழிச்சலுக்குப் போடும் தடுப்பூசிகளில் பெரும்பாலானவை உயிருள்ள ராணிக்கெட் வைரஸ்களே. மென்மையாக்கப்பட்டவை, அல்லது இயல்பிலேயே மென்மையானவை. சொட்டுமருந்து கொடுத்த குஞ்சின் தொண்டையிலும் ராணிக்கெட் வைரஸ் இருக்கும், கழிச்சலில் செத்த கோழியிலும் இருக்கும். ஊநீர்ச் சோதனை இரண்டையும் ஒரே பெயரால்தான் அழைக்கும். வைரஸைக் கண்டுபிடிப்பதும் நோயைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல என்பது இந்த இடத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது.

வேறுபாடு வைரஸின் மேலுள்ள ஒரு புரதத்தில், மிகச் சிறிய ஓரிடத்தில் இருக்கிறது. அணுவின் சவ்வோடு இணைந்து உள்ளே நுழைய உதவும் அந்த 'இணைவுப் புரதம்' முதலில் ஒரே துண்டாக, வேலை செய்யாத நிலையில் உருவாகிறது. கோழியின் உடலிலுள்ள நொதி ஒன்று அதைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டினால்தான் வைரஸுக்கு அடுத்த அணுவுக்குள் நுழையும் திறன் வரும். மென்மையான வைரஸின் வெட்டுமிடத்தை வெட்டத் தெரிந்த நொதிகள் மூச்சுப்பாதையிலும் குடலிலும் மட்டுமே உண்டு. அதனால் அது அங்கேயே அடங்கிவிடும். கடுமையான வைரஸின் வெட்டுமிடத்தில் அர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். அந்த அமைப்பை வெட்டும் நொதி உடலின் ஏறத்தாழ எல்லா அணுக்களிலும் இருக்கிறது. மூளை, இதயம், குடல் என்று எங்கும் அது பரவ முடிவது அதனால்தான். புரதத்தின் 113 முதல் 116 வரையுள்ள நான்கு இடங்களில் குறைந்தது மூன்று இவ்வகை, 117-ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் என்று இருந்தால் கொடிய வைரஸ் எனக் கொள்வது உலக அளவில் ஏற்கப்பட்ட வரையறை. பறவைக் காய்ச்சல் வைரஸில் புரதம் வேறு; ஆனால் அங்கும் கொடுமை இதே போன்ற வெட்டுமிடத்தில்தான் குடியிருக்கிறது. உறவில்லாத இரண்டு வைரஸ்கள் ஒரே தந்திரத்தைக் கையாள்கின்றன. கண்ணுக்கு அவை ஒரே நோயாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் இதில் ஒரு சிக்கல் உண்டு. இறக்கையடியில் போடும் நம் பழைய, வலுவான தடுப்பூசி 1940-களில் குமாவுன் மலையிலேயே முக்தேசுவரில் உருவானது. அது முழுக்க மென்மையானதல்ல, நடுத்தரக் கடுமை கொண்டது. அதன் வெட்டுமிடமும் கொடிய வைரஸின் அமைப்பையே ஒத்திருக்கிறது. அண்மையில் அந்த ஊசி போட்ட கூட்டத்தில் வெட்டுமிடத்தை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் தவறிவிடும். மரபணு வரிசையின் நீளமான பகுதியை எடுத்து ஒப்பிட வேண்டும். நம் கொல்லையில் அந்தக் கவலை இல்லை. ஊசி போட்டு ஏறத்தாழ ஆறு மாதம் ஆகிறது. செத்த விடைகளோ ஊசியே காணாதவை. மருத்துவர் முதல் நாளே ஊசித் தேதியைக் கேட்டதன் பயன் இங்கே வந்து சேர்கிறது.

மென்மையானது மென்மையாகவே இருந்துவிடும் என்ற உறுதியும் கிடையாது. 1998 முதல் ஆஸ்திரேலியாவில் பரவிய ராணிக்கெட், வெளியிலிருந்து வந்ததல்ல; அங்கே கோழிகளில் தீங்கின்றி வாழ்ந்த வைரஸ் வெட்டுமிடத்தில் மாற்றமடைந்து கொடியதானது. ஒரு முறை பெயரிட்டு முடித்துவிட்டோம் என்று ஆய்வகங்கள் ஓய முடியாதது இதனால்தான்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இது கோழி வளர்ப்பவர் கேட்கும் மிக வலுவான எதிர்வாதம். வைரஸுக்கு மருந்து இல்லை, செத்தது திரும்பாது, ஒரு கோழியின் விலையைவிட அலைச்சலின் விலை கூட. இதில் உண்மை இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முன்னிரைப்பையின் ரத்தப்புள்ளிகள் எந்த வைரஸுடையவை என்று தெரிவதால் அந்தக் கோழிக்கு எந்தப் பயனும் இல்லை.

பயன் மிஞ்சியிருக்கும் ஒன்பதுக்கும், தெருவிலுள்ள மற்றக் கொல்லைகளுக்கும், செத்ததைக் கையால் தொட்ட மனிதருக்கும். காலரா என்றால் மருந்து வேலை செய்யும். ராணிக்கெட் என்றால் எந்த ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்யாது. மருந்துக்கடையில் வாங்கித் தண்ணீரில் கலக்கும் பொடி வீண்செலவு, அதோடு மருந்துக்கு அசையாத பாக்டீரியாக்களை வளர்க்கும் தீவினையும்கூட. சின்ன வெங்காயமும் மஞ்சளும் கொடுத்துப் பிழைத்தது என்பார்கள். சில கோழிகள் எதுவும் கொடுக்காமலும் பிழைக்கின்றன, எந்த நோயில் பிழைத்தது என்று தெரியாதவரை எது பிழைக்கவைத்தது என்றும் சொல்ல முடியாது. பறவைக் காய்ச்சல் என்றால் கணக்கே வேறு: தொட்டவர்களைக் கண்காணிக்க வேண்டும், அந்த வட்டாரத்திலிருந்து கோழியோ முட்டையோ நகரக்கூடாது. இந்த மூன்றில் எதைச் செய்வது என்பதைக் கழிச்சல் என்ற ஒற்றைச் சொல் தீர்மானிக்க முடியாது.

"தடுப்பூசி போட்டும் செத்தது, ஆகவே இது கழிச்சலே இல்லை" என்ற வாதமும் அடிக்கடி வரும். உயிருள்ள தடுப்பூசி குளிர் விட்டால் செத்துவிடும். கலக்கிய மருந்தை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பையில் வைத்து வெயிலில் ஊர் சுற்றிவிட்டுப் போட்ட ஊசி, போடாத ஊசிதான். செத்தது உண்மையில் ராணிக்கெட்டா என்று உறுதிசெய்தால், பழுது மருந்திலா, போட்ட விதத்திலா, வேறு நோயிலா என்று தேடத் தொடங்கலாம்.

சொல்லத் தயங்கும் எதிர்வாதம் ஒன்றும் உண்டு. தெரிவித்தால் எல்லாக் கோழிகளையும் கொன்றுவிடுவார்களே என்ற அச்சம். ராணிக்கெட்டுக்காக நம் நாட்டில் யாரும் வந்து கொல்வதில்லை. பறவைக் காய்ச்சல் உறுதியானால் சுற்றுவட்டாரக் கோழிகள் அழிக்கப்படும். அதற்கு இழப்பீடு உண்டு. ஆனால் பெயர் வைத்து வளர்த்த கோழிக்குப் பணம் ஈடாகாது என்பதும் உண்மை. அந்த வேதனையைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் மௌனத்தின் விலையையும் பார்க்க வேண்டும். 2018 மே மாதம் கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஒரு வீட்டுக் கொல்லையின் கண்காட்சிக் கோழிகளில் கொடிய நியூகாசில் நோய் உறுதியானது. அது முடிவுக்கு வர 2020 ஆயிற்று. நோய் கண்ட இடங்கள் 450-க்கும் மேல். பெரும்பாலானவை வீடுகளின் கொல்லைகள். கோழியைக் கைமாற்றுவதும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதும் அதைக் கொல்லைக்குக் கொல்லை நகர்த்தின. நம் கதையின் சந்தைக்கோழியும், விடைகள் சாகத் தொடங்கிய மூன்றாம் நாள் பயந்து விற்கப்பட்டிருந்தால், நலமான தோற்றத்தோடு அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

அலைச்சல் என்ற எதிர்வாதத்துக்கு மட்டும் நடைமுறையில் பதில் தேவை. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சொன்னால் மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு வழியாக மாதிரி போகும். பறவைக் காய்ச்சல் சந்தேகம் என்றால் அது போபாலின் உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் வரை போகும். மாதிரி எடுப்பதும் அனுப்புவதும் துறையின் பொறுப்பு. வளர்ப்பவர் செய்ய வேண்டியது முதல் சாவிலேயே தகவல் சொல்வது. ஆறாவது சாவுக்குப் பிறகு சொன்னால் மருத்துவருக்குக் கிடைப்பது அழுகிய உடல்களும் மறந்துபோன தேதிகளும்.

மூன்று வாரம் கழித்து

கொல்லையில் சாவு நின்றுவிட்டது. கூடு கழுவிச் சுண்ணாம்பு பூசப்பட்டிருக்கிறது. புதுக்குஞ்சு இன்னும் வாங்கவில்லை. கழுத்து திரும்பிய விடை பிழைத்துக்கொண்டது. வைரஸ் போன பின்னும் நரம்பில் விட்டுச்சென்ற பழுது போகவில்லை; தானியத்தைக் குறிவைத்துக் கொத்தினால் அலகு இரண்டு விரற்கடை தள்ளி மண்ணில் படுகிறது. அதன் இறக்கை நாளத்திலிருந்து மருத்துவர் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார். ஊசி போட்ட பெட்டைகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது பிப்ரவரி ஊசியால் வந்ததா, இந்த நோயால் வந்ததா என்று ஒரே சோதனையில் சொல்ல முடியாது. இந்த விடையோ ஊசி காணாதது. இதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அதற்கு ஒரே மூலம்தான். ஊநீரை முதல் குழியில் பாதியாகவும், அடுத்ததில் அதில் பாதியாகவும் நீர்த்துக்கொண்டே போகிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு ராணிக்கெட் வைரஸ், பிறகு சிவப்பணுக்கள். முதல் குழியில் பொட்டு, ஐந்தாவதில் பொட்டு, ஊநீர் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்ட பத்தாவது குழியிலும் தெளிவான சிவப்புப் பொட்டு.